பெங்களூர் மெஷினுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

வெளிநாடு போய்வந்தவர்கள் எல்லாம் மாதக்கணக்கில் அதையே பேசுகிறார்கள். நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நான் போனது பெங்களூருக்கு. அது வெளிநாடு இல்லை என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்கிறார். சாம்பாரில் வெல்லம் போடுகிற இடம் எதுவாக இருந்தாலும் எனக்கு வெளிநாடுதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல டீச்சர்தான் எழுதுகிறார். நடுநடுவே என் பேச்சுக்கு இஸ்திரி போட்டுவிடுகிறார். போடட்டும், பாவம், ரிட்டயர் ஆகி வேலையில்லாமல் இருக்கிறார்.

போன காரணம் என் பேத்தி சுகன்யா. மகன் வயிற்றுப் பேத்தி. பெங்களூரில் ஒரு பெரிய காலேஜில் ஆராய்ச்சி படிக்கிறாள். கண் அசைகிற விதத்தை வைத்தே ஆளை இன்னார் என்று சொல்கிற மெஷின் அவளுடையது. அதற்கு இதுவரை கண்ணைக் காட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் காலேஜ் பிள்ளைகள். கிழட்டுக் கண் ஒன்றைக்கூட அது பார்த்ததில்லை. "பாட்டி, உன் கண்ணு வேணும். உடனே கெளம்பி வா" என்று போன் செய்தாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காரணம் உண்டு. எங்கள் காவேரிப்பட்டணத்து ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்பதே கிடையாது. மாங்காய் வெட்டி, பாத்திரம் தேய்த்து, ரேகை எல்லாம் எப்போதோ போய்விட்டது. கடைக்காரர் முருகேசன் "தலையில தேச்சிட்டு வையும்மா, ஊதிட்டு வையும்மா" என்பார். எதைச் செய்தாலும் சிவப்பு விளக்குதான். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் "பச்சையம்மாதான் இவங்க" என்று சாட்சி சொன்னாலும் மெஷின் ஒப்புக்கொள்ளாது. விரலே வேண்டாம், கண் போதும் என்கிற மெஷினை என் பேத்தியே செய்கிறாள் என்றால் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஓசூர்க்காரப் பூ வியாபாரி. கண்ணுக்காகப் போகிறேன் என்றதும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணுல பொறையாக்கா? ஆபரேஷனா?"

"ஆபரேஷன் இல்ல. என் கண்ணு எப்படி நடக்குதுன்னு பாக்கணுமாம்."

"கண்ணு நடக்குதா?" என்றாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். ஓசூரில் இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையை என் மடியில் போட்டு, "எல்லாம் சரியாப் போயிடும்க்கா" என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஆபரேஷனே என்று முடிவு செய்துவிட்டாள்.

ராஜ்ஜியம் மாறுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரத்தில் கண்ணை விரித்து வைத்திருந்தேன். கோடு போட்டிருக்கும், கதவு இருக்கும், மண்ணாவது வேறு நிறத்தில் இருக்கும் என்று எண்ணம். ரொம்ப நேரமாகியும் ஒன்றும் வரவில்லையே என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அத்திபெலே பார்டர் தாண்டி அர மணி ஆச்சும்மா."

"அங்க சுண்டல் வித்தவன் தமிழ்லதானே கூவுனான்?"

"எந்த வண்டி வருதோ அந்த பாஷையில கூவுவான். அவன் பொழப்பு அது."

ஏமாந்துபோனேன். பையில் சுகன்யாவுக்காக எங்கள் ஊர் நிப்பட்டு இருந்தது, மற்ற ஊர்களில் தட்டை என்பார்கள். அவ்வளவு தூரம் மடியில் வைத்து நொறுங்காமல் தூக்கிவந்தது. பெங்களூரில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் மூன்று பேக்கரி. மூன்றிலும் கண்ணாடி ஜாடி நிறைய அதே நிப்பட்டு. இரண்டாவது ஏமாற்றம். ஆனாலும் எங்கள் ஊர் நிப்பட்டில் கடலை கூட.

சுகன்யா லிங்கராஜபுரத்தில் மாடியில் குடியிருக்கிறாள். கீழே வீட்டுக்காரம்மா ரோசம்மா. சர்ச்சுக்குப் போகிறவள், என்னைவிடச் சின்னவள், வாயில் என்னைவிடப் பெரியவள். ஆட்டோவை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்கக்கா, வாங்க. உங்க பேத்தி இங்க வர்றதே தூங்கத்தான். ரெண்டு வாரமா வூட்டுல அடுப்பே எரியல. வந்து கொஞ்சம் திட்டுங்க, எனக்கு வாய் வலிக்குது."

உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்த பெரிய பன் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். தில்பசந்த் என்று பேராம். எங்கள் ஊரில் சோமாசுக்குள் வைப்பதை இவர்கள் பன்னுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சாயங்காலம் சுகன்யா வந்தாள். இளைத்திருந்தாள். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே மெஷினைப் பற்றி விளக்கினாள்.

"தூரத்துல ஒருத்தர் நடந்து வந்தா, மூஞ்சி தெரியறதுக்கு முன்னாடியே இன்னார்னு சொல்லிடுவ இல்ல பாட்டி?"

"செருப்பத் தேச்சிக்கினு வந்தா உங்கப்பன்."

"அதேதான். கண்ணுக்கும் ஒரு நட இருக்கு. ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குத் தாவும், கொஞ்சம் நிக்கும், மறுபடி தாவும். அந்தத் தாவல் ஆளுக்கு ஆள் வேற. மெஷின் அத வச்சிச் சொல்லும்."

"சொல்லுதா?"

"சொல்லுது. வெள்ளிக்கிழமை மூணு பேர் வந்து சோதிப்பாங்க. சரியாச் சொல்லிட்டா நான் எல்லாத்தையும் புத்தகமா எழுதி படிப்ப முடிச்சிடலாம். இல்லன்னா..." சப்பாத்தி கையிலேயே நின்றது. "அப்பா சொல்லிட்டாரு. இந்தத் தடவயும் ஆகலன்னா போதும், மூட்டையக் கட்டிக்கினு வந்துடுன்னு."

என் மகன் அப்படித்தான். மாங்காய்க்கு விலை இல்லையென்றால் மரத்தை வெட்டலாம் என்கிறவன். சுகன்யா அதற்குமேல் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற கவலை எனக்கும் அப்போதே பிடித்துக்கொண்டது.

மறுநாள் என்னைக் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் காவல்காரர் சிவண்ணா. "பன்னி அஜ்ஜி, பன்னி. ஊட்டா ஆய்தா?" என்று கும்பிட்டார். வாங்க பாட்டி, சாப்பிட்டாச்சா என்று அர்த்தமாம். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாடு விசாரிக்கிற காவல்காரரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உள்ளே போகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நான் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தேன். ரேகையே இல்லாமல் ஒரு கறுப்பு உருண்டை விழுந்தது. சிவண்ணாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மெஷின் என்றதும் மாவு மில் மாதிரி கடகடவென்று ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனேன். மேசைமேல் ஒரு டிவி. அதன் காலடியில் சின்னப் பெட்டி. எதிரே மோவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, கண் டாக்டரிடம் இருக்குமே, அது. உட்காருகிறவர் பார்ப்பதற்கு அந்த டிவி. சுகன்யாவுக்கு மறுபக்கம் தனி மேசை, தனி டிவி. அவள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

தாங்கியில் விரிக்கப் புதுத் தாள் எடுத்துவர அவள் பக்கத்து அறைக்குப் போனாள். நான் அந்த டிவியைப் பார்த்தபடி இருந்தேன். பாவமாக இருந்தது. காலையிலிருந்து இருட்டுகிற வரை ஆள் மாற்றி ஆள் வந்து வைத்த கண் வாங்காமல் அதையே பார்க்கிறார்கள். பச்சைக் குழந்தையை இப்படிப் பத்துப் பேர் பார்த்தால் பால் குடிக்காது. வெள்ளிக்கிழமை வேறு பெரிய மனிதர்கள் மூன்று பேர் குறை கண்டுபிடிக்கவே வந்து உற்றுப் பார்க்கப் போகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுருக்குப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தேன். வலது பக்கம், கீழ் ஓரத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பருமனாக ஒரு பொட்டு வைத்தேன். டிவிக்கு அது எடுப்பாகவும் இருந்தது.

சுகன்யா வந்து என் மோவாயைத் தாங்கியில் பொருத்தினாள். வெள்ளையாக ஒளிர்ந்த டிவியில் ஒரு புள்ளி வந்தது. அதைப் பார்த்தால் வேறெங்கோ குதித்தது. அங்கே பார்த்தால் இன்னோர் இடம். கோழிக்குஞ்சைக் கூடையில் மூடுகிற மாதிரி துரத்திக்கொண்டே போனேன்.

"அடியே, நில்லுடி."

"பாட்டி, பேசக் கூடாது. பேசுனா தல ஆடுது."

"உங்கிட்ட எங்க பேசறேன்? புள்ளிகிட்ட பேசறேன்."

பிறகு படங்கள். ஒரு சந்தை, ஒரு ரயிலடி. எல்லாம் ஊமைச் சந்தை. அப்புறம் பக்கம் நிறைய எழுத்து. "படிக்க வேணாம், சும்மா பாரு" என்றாள். எழுத்தில் எனக்குப் பிடித்தது முறுக்கு மாதிரி சுழித்திருப்பவை. அவற்றையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன். நடுநடுவே என் பொட்டு கலையாமல் இருக்கிறதா என்றும் ஒரு கண் போட்டுக்கொண்டேன். வைத்தவளுக்குத்தானே அக்கறை.

"அவ்ளோதான். இன்னிக்கு உன்னப் பழகிக்கும். வெள்ளிக்கிழமை நீ மறுபடி உக்காந்தா, பெட்டியே பேர் சொல்லிக் கூப்பிடும்" என்றாள். வருகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று பெட்டிக்குப் பேச்சு வைத்திருக்கிறாள். என் பேரைப் பச்சையம்மாள் என்று போடாமல் 'பாட்டி' என்றே போட்டுவிட்டாளாம்.

வியாழக்கிழமை சுகன்யா காலேஜுக்குப் போனதும் ரோசம்மா என்னை ஜீவனஹள்ளியில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பக்கத்தில்தான். ஆட்டோவில் ஏறினோம். ஏறிய இடத்திலேயே நின்றோம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், பக்கவாட்டில் ஒரு சிமெண்டு லாரி. எங்கள் ஊரில் பஸ் வராது. இங்கே வந்த பஸ் போகாது. ஆட்டோக்காரர் போனில் யாரிடமோ, "வந்துட்டேன் சார், வளைவுல திரும்பிட்டேன்" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். வளைவே கண்ணுக்குத் தெரியவில்லை.

"அக்கா, பசிக்குதா?" என்றாள் ரோசம்மா. ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கி, எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனோம். அங்கே ஒரே தட்டில் ஒரு கரண்டி உப்புமா, ஒரு கரண்டி கேசரி. இலைக்குப் பஞ்சமான கல்யாண வீடு மாதிரி. சௌசௌ பாத் என்று பேராம். சௌசௌ காயைத் தேடினேன், ஒரு துண்டுகூட இல்லை. ஒரு காபி வாங்கி 'பை டூ' என்றாள். இரண்டு தம்ளரில் பாதி பாதியாக வந்தது. குடித்து, வாய் கொப்பளித்து, நிதானமாக வெளியே வந்தால் எங்கள் ஆட்டோ ஒரு ஆட்டோ நீளம் முன்னேறியிருந்தது. ஏறிக்கொண்டோம். "இப்பதான் வண்டி ஓடுது, நீங்க எறங்கிப் போயிட்டீங்க" என்று அவர் எங்களிடம் குறைப்பட்டார்.

ஒன்று கவனித்தேன். அத்தனை வண்டி, அத்தனை ஜனம், ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் உள்ளங்கையில் இருக்கிற போனில். எங்கள் ஊரில் ஒரு புதுப்புடவை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் அதன் விலைகூடத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் சுகன்யா முகம் வெளுத்துப்போய் வந்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மெஷினுக்கு என்னமோ ஆயிடுச்சி பாட்டி. இன்னிக்கு நாலு பசங்கள உக்கார வச்சிப் பாத்தேன். நாலு பேரையும் நீன்னு சொல்லுது."

"என்னையவா?"

"'வெல்கம், பாட்டி. வெல்கம், பாட்டி.' நாலு பேருக்கும்."

"பொம்பளப் புள்ளைங்களா?" என்றாள் ரோசம்மா.

"ஒருத்தன் இவ்ளோ தாடி வச்சிருக்கான் ஆன்ட்டி."

ரோசம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் பெருமை. ரேஷன் மெஷின் என்னையே நான் இல்லை என்கிறது. இது ஊரையே நான் என்கிறது. ஆனால் சுகன்யாவின் கண் நிறைந்திருந்தது.

"என்ன அதுலேருந்து எடுத்துடேன், கண்ணு."

"முடியாது பாட்டி. வயசானவங்க ஒருத்தராவது இருக்கணும்னு சோதிக்க வர்ற மேடம் கேட்டிருக்காங்க. அதுக்குத்தானே உன்ன வரச் சொன்னேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சி."

திருஷ்டிதான். நான் சொன்னேனே. நல்லவேளை பொட்டு வைத்தேன், இல்லாவிட்டால் இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. சோதிக்க வந்தவர்கள் ஒரு மேடம், ஓர் உயரமான சார், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற ஒரு கண்ணாடி சார். மூவரும் போன வாரமே வந்து மெஷினுக்குக் கண்ணைப் பழக்கிவிட்டுப் போனவர்கள். இன்று அவர்கள் பேர் சொல்லாமல் உட்காருவார்கள், பெட்டி சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. அவர்கள் பாதி இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரியாததைச் சுகன்யா பிறகு சொன்னாள், சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உயரமான சார். புள்ளி குதித்தது, படம் வந்தது, எழுத்து வந்தது. பெட்டி கொஞ்சம் யோசித்து, இனிமையான குரலில் சொன்னது: "வெல்கம், பாட்டி."

சார் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். அடுத்தது மேடம்.

"வெல்கம், பாட்டி."

"நான் பாட்டியாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றார் மேடம். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற சிவண்ணாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவரும் பழைய ஆள், மெஷினுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவரும் பாட்டி. இப்போது அந்த அறையில் என்னோடு நாலு பாட்டிகள்.

கண்ணாடி சார் உட்காரவே இல்லை. "இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?" என்று பேனாவை மூடினார். அந்த மூடி சொடுக்கென்று விழுந்த சத்தத்தில் என் மகன் "மூட்டையைக் கட்டு" என்றதுதான் எனக்குக் கேட்டது.

"ஒரே நிமிஷம் சார்" என்றாள் சுகன்யா. தன் டிவியில் ஏதோ தட்டி எங்கள் எல்லாரையும் அழைத்துக் காட்டினாள். ஆட்கள் எங்கெங்கே பார்த்தார்களோ அங்கெல்லாம் சிவப்பு படர்கிற படம் அது. சந்தைப் படத்தில் தக்காளிக் கூடைமேலும் ஆள் முகத்தின்மேலும் சிவப்பு இருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. ஆனால் மூன்று பேருக்கும், ஒன்றுமே இல்லாத வலது கீழ் ஓரத்தில், யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டது மாதிரி இருந்தது. என் படத்தில் அதைவிடப் பெரிய குங்குமம்.

"இங்க என்ன பாத்தீங்க எல்லாரும்?" என்றாள் சுகன்யா.

"அந்தப் புள்ளியத்தான்" என்றார் உயரமான சார். "கறுப்பா ஒண்ணு இருக்கே. அதுவும் சோதனையில சேத்தின்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்றார் மேடம். "பார்க்கக் கூடாதுன்னு நெனச்சேன். நெனச்சதும் கண்ணு அங்கேயே போச்சு."

சுகன்யா மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"பாட்டி!"

"வச்சது நான்தான். எதுக்கு வச்சேன்னு கேளு."

யாரும் கேட்கவில்லை. மேடம் கிட்டே போய்ப் பார்த்ததுமே, "ஐயோ, திருஷ்டிப் பொட்டு!" என்றார். சிவண்ணா, "ஹௌது, திருஷ்டிப் பொட்டே" என்று ஆமோதித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊரிலும் உண்டாம். இதற்கு மட்டும் எல்லைக்கோடு கிடையாது.

இப்போது அதைத் துடைக்க வேண்டும். உயரமான சார் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "மேடம், நீங்க..." என்றார்.

"எங்க மருமகளுக்கு ஏழாம் மாசம். நான் தொடமாட்டேன்."

எல்லாரும் கண்ணாடி சாரைப் பார்த்தார்கள்.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார் அவர்.

"அப்போ நீங்களே துடைங்க சார்."

"நம்பிக்கை இல்லாதவன் எதுக்குத் துடைக்கணும்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சிவண்ணா எப்போதோ வாசலுக்கு வெளியே போயிருந்தார். என்னென்னவோ பட்டம் வாங்கியவர்கள் ஒரு கடுகுப் பொட்டைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மேடம்தான், "வச்சவங்களே எடுக்கட்டும்" என்று தீர்ப்பு சொன்னார். நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். நல்ல மை. எளிதில் போகவில்லை.

மறுபடி உட்கார்ந்தார்கள். உயரமான சாரின் பேரைச் சரியாகச் சொன்னது. மேடத்தின் பேரைச் சொன்னது. "வெல்கம், சிவண்ணா" என்றதும் அவர் பெட்டிக்கு ஒரு சல்யூட் வைத்தார். கண்ணாடி சாரும் உட்கார்ந்தார். அவர் பேரும் சரி. சுகன்யாவின் கன்னத்தில் ரத்தம் திரும்பியது.

ஆனால் கண்ணாடி சார் பேனாவைத் திறக்கவில்லை. "ஒரு சந்தேகம்" என்றார். "இந்தம்மாவ மெஷின் பழகினப்போ அங்க பொட்டு இருந்தது. இப்ப இல்ல. மெஷினுக்குத் தெரிஞ்சது இந்தம்மாவா, பொட்டா? இவங்கள இப்போ உக்கார வைங்க. சொல்லலன்னா, ஆளை அடையாளம் காணுற மெஷின்னு நீங்க எழுத முடியாது."

சுகன்யா என்னைப் பார்த்தாள். "உக்காரு பாட்டி" என்றாள். இந்தத் தடவை பேசாதே என்றுகூடச் சொல்லவில்லை.

மோவாயை வைத்தேன். புள்ளி வந்தது, துரத்தினேன். சந்தை வந்தது, முறுக்கு எழுத்துகள் வந்தன. ஆனால் என் மனசு அதில் இல்லை. வெறிச்சோடிக் கிடந்த அந்த ஓரம்தான் உறுத்தியது. நெற்றியில் ஒன்றுமில்லாத குழந்தை மாதிரி நிற்கிறதே, மூன்று பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களே என்று அங்கேயே அடிக்கடி பார்த்தேன். புள்ளி மேலே போனாலும் திரும்பும் வழியில் ஒருமுறை பார்த்தேன்.

படம் நின்றது. பெட்டி யோசித்தது. மற்றவர்களைவிட ரொம்ப நேரம் யோசித்தது. சுகன்யாவின் கை என் தோளை இறுக்கியது.

"வெல்கம், பாட்டி."

கண்ணாடி சார் சுகன்யாவின் டிவியில் அந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்தார். ஒன்றுமே இல்லாத ஓரத்தில் அதே குங்குமம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பொட்டு போயிடுச்சு. பார்வை போகலையே" என்று சிரித்தார். பேனாவைத் திறந்தார்.

மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "எழுத ஆரம்பிம்மா" என்றார் மேடம். சுகன்யா என் முந்தானையில், மை படாத பக்கத்தில், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெஷின் என்னை நான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலையே காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சுகன்யா நாலு தோசை சாப்பிட்டாள். பிறகு ரோசம்மாவும் அவளும் என் நிப்பட்டைக் காலி செய்தார்கள். பெங்களூர் நிப்பட்டு இதன் கிட்ட வராது என்று ரோசம்மாவே சொன்னாள், எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர். மகனுக்கு நானே போன் போடச் சொன்னேன். "உம் பொண்ணு ஜெயிச்சிட்டா. மூட்ட கட்டுறது நான் ஒருத்திதான்" என்றேன்.

மறுநாள் வந்துவிட்டேன். திரும்பும்போது அத்திபெலேயை விடவில்லை, நன்றாகப் பார்த்தேன். சுண்டல்காரர் இந்தத் தடவையும் தமிழிலேயே கூவினார்.

ஊர் வந்த கையோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரலை வைத்தேன். சிவப்பு. தேய்த்து வைத்தேன். சிவப்பு.

"வெரல வுடு முருகேசா. என் கண்ணப் பாரு."

முருகேசன் பார்த்தார். "உங்கள எனக்குத் தெரியாதாம்மா? இதுக்குத்தான் தெரியல. வாங்கினப்போ நல்லாத்தான் இருந்திச்சி, இப்பல்லாம் யாரு வெரலையும் எடுக்க மாட்டேங்குது."

நான் அந்த மெஷினைப் பார்த்தேன். கையகலப் பெட்டி. எனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையையும் திரும்பிப் பார்த்தேன். பையும் கையுமாக அத்தனை பேரும், வைத்த கண் வாங்காமல், எரிச்சலோடு அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் இப்படிப் பார்த்தால் அது என்னதான் செய்யும்?

முருகேசன் அரிசி அளக்கத் திரும்பினார். நான் சுருக்குப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தேன்.